ஒன்பதாவது வரி

ஏகாம்பரம் அந்தப் பலகையின் மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்தான்.

"பாத்துக்கோக்கா, ஆனை ஏறினாலும் தாங்கும்."

மடித்துக் கட்டிய லுங்கி, வெற்றுடம்பு, கழுத்தில் நான் கொடுத்த ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் விசில். குதித்து முடித்ததும் விசிலை எடுத்து ஓங்கி ஒரு ஊது ஊதினான். தெருக்கோடியில் நாய் குரைத்தது. அவன் மனைவி காமாட்சி ராட்டையில் தார்க்குச்சிக்கு ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காலேஜ் போற பொண்ணு இருக்குது வீட்ல. இது பண்ற கூத்தைப் பாருக்கா."

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. மழை இன்னும் வரவில்லை. காற்றில் மட்டும் ஒரு ஈர மண் வாசனை. கூடத்துக்குள் கஞ்சியும் பட்டும் கலந்த அந்தப் புளித்த வாடை. நான் ஒரு கையில் நோட்டீஸும் ஒரு கையில் பேனாவுமாக வாசற்படியில் நின்றிருந்தேன்.

"சரி சரி, எறங்குப்பா. ஒன்பதாவது முடிஞ்சுது" என்று சொல்லி ஒன்பதாவது வரிக்குப் பக்கத்தில் டிக் அடித்தேன்.

போன வாரம் இதே பத்திரிகையில், என் கல்யாணப் பந்தியில் மாமனார் இலையில் ரசம் ஆறாய் ஓடிய கதையைப் படித்துவிட்டு நிறைய பேர் சிரித்தீர்களாம். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. நான் அந்த டிக்கை அடித்து ஒன்றரை மாதம் கூட ஆகவில்லை, ஏகாம்பரம் செத்துப்போனான். அதில் என் பங்கு என்ன என்பதை நான் காமாட்சியிடம் சொல்லாமலே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். இங்கேயும் எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

பள்ளம்

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தறி தரையோடு இருக்கிற தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, எதிரே தோண்டியிருக்கிற பள்ளத்துக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொள்வார். மிதிக்கிற கட்டைகள், கயிறுகள் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்ளே. ஆழம் ஒரு ஆளின் தொடைக்கு மேலே வரும். வீட்டின் நடுக்கூடமே தறிதான். அதைச் சுற்றித்தான் சமையல், சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, படுக்கை எல்லாம்.

நாலு வயதில் எங்கள் வீட்டுப் பள்ளத்தில் நான் தலைகுப்புற விழுந்திருக்கிறேன். மோவாயில் தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மா என்னைத் தூக்கி முதலில் நாலு சாத்து சாத்தினாள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கே அப்பா ஒரு பழைய கதவை அறுத்துப் பலகையாக்கிப் பள்ளத்தின் மேல் போட்டார். தறி ஓடாத நேரமெல்லாம் அந்தப் பலகை அங்கே கிடக்கும்.

எல்லா வீட்டிலும் அப்படித்தான். அமாவாசைக்கு அமாவாசை தறிக்கு லீவு. அன்றைக்குப் பலகையைப் போட்டு, அதன் மேல் பாயை விரித்து, வந்த விருந்தாளியைக் கூட உட்கார வைப்போம். பலகையைப் போட்டுவிட்டால் அது தரை. கால் யோசிக்காது. எங்கள் தெருவில் பிறந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மழைக்காலத்தில் இந்தப் பள்ளம் படுத்துகிற பாடு இருக்கிறதே, அது தனிக் கதை. அடியில் ஊற்றெடுக்கும். காலையில் எழுந்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். சொம்பால் மொண்டு மொண்டு வாசலில் கொட்டுவோம். ஈரக்காற்றில் தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் தொய்ந்துவிடும், தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது, பாதித் தறி சும்மாவே கிடக்கும். கார்த்திகை முடிகிற வரைக்கும் எங்கள் தெருவில் யாருக்கும் முகம் நன்றாக இருக்காது.

காஞ்சிபுரத்தில் ஏது படகு?

அந்த வருஷம் நான் அங்கன்வாடி டீச்சர். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. ஒரு தொண்டு அமைப்பு எங்களையும் மகளிர் குழுப் பெண்களையும் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம், நல்ல மனுஷர்கள்தான். புயல் மழை வருவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைத் தயார் பண்ண வேண்டும், அதற்குப் பயிற்சி. டீ, சமோசா, ஆளுக்கு ஒரு கட்டு நோட்டீஸ், வீடுகளில் கொடுக்க ஒரு பை நிறைய விசில். தண்ணீரில் மாட்டிக்கொண்டால் கத்துவதை விட விசில் ஊதுவது நல்லதாம்.

கண்ணாடி போட்ட ஒரு பையன் நோட்டீஸை வரி வரியாகப் படித்தான். ஆதார், ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் போடு. டார்ச் லைட் வை. மெயின் சுவிட்சை அணை. குடிதண்ணீரைக் காய்ச்சி நிரப்பு. எல்லாம் சரி. ஒன்பதாவது வரிக்கு வந்தான்.

"படகுகளையும் வலைகளையும் மேடான இடத்தில் பத்திரமாகக் கட்டி வைக்கவும்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நான் எழுந்துவிட்டேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

"தம்பி, காஞ்சிபுரத்துல ஏதுப்பா படகு? ஏகாம்பரநாதர் கோயில் தெப்பத்தைச் சொல்றியா?"

பாவம், பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கடலோர ஊருங்களுக்கு அடிச்சதும்மா. அதையே இங்கயும் குடுத்துட்டாங்க. நீங்களே சொல்லுங்க மேடம், அதுக்குப் பதிலா இன்னா போடலாம்?"

மேடம் என்றானா, எனக்குத் தலை கால் புரியவில்லை. சொன்னேன். எங்கள் வீடுகளில் கூடத்துக்கு நடுவே பள்ளம் இருக்கிறது, வெள்ளம் வந்தால் கலங்கல் தண்ணீரில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, யாராவது உள்ளே விழுந்து தொலைப்பார்கள், அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பலகையைப் போட்டு மூடச் சொல்ல வேண்டும் என்று. அத்தனை பெண்களும் கை தட்டினார்கள். பையன் அதைத் தன் டைரியிலும் எழுதிக்கொண்டான். மறுநாளே படகு வரியை எடுத்துவிட்டு, "தறிப் பள்ளத்தைப் பலகையால் மூடவும்" என்று மாற்றிப் புது நோட்டீஸ் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அந்தக் கைதட்டலைப் பற்றி மூன்று தடவை சொன்னேன். அவர் ஊடை நூலில் சிக்கு எடுத்துக்கொண்டே மூன்று தடவையும் "ம்" கொட்டினார். தெருவில் மட்டும் அது என் யோசனை என்று சொல்லவில்லை. நான் சொன்னேன் என்றால் எவள் கேட்பாள்? "மேல இருந்து வந்த நோட்டீஸ்" என்று சொன்னால்தான் மதிப்பு.

சாக்கடைக்கு வெள்ளமா?

எங்கள் தெரு ஊருக்குத் தெற்கே, ஓரிக்கைக்குப் போகிற பக்கம், வேகவதியை ஒட்டி இருக்கிறது. வேகவதி என்று பெயர்தான் வேகம். வருஷம் பூராவும் ஆகாயத்தாமரையும் கறுப்புத் தண்ணீரும்தான். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது ஆறு என்றே தெரியாது.

ஒவ்வொரு வீட்டிலும் என்னைக் கலாய்த்தார்கள். "இந்தச் சாக்கடைலயா டீச்சர் வெள்ளம் வரப்போகுது?" "விசில் குடுக்கறீங்களே, டார்ச்சு குடுக்க மாட்டீங்களா?" ஒரு வீட்டில் நோட்டீஸை வாங்கிய கையோடு அதிலேயே சேமியாவைக் கொட்டிக் காய வைத்தாள் ஒருத்தி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் விடவில்லை. பத்து வரியையும் ஒவ்வொருவர் வாயாலும் சொல்ல வைத்தேன். பலகை எங்கே, எடுத்துக் காட்டு, போட்டுக் காட்டு என்று நின்றேன்.

ஏகாம்பரம் ஒருத்தன்தான் ஆரம்பத்திலிருந்தே என் கட்சி. அவன் எனக்குத் தூரத்து உறவில் தம்பி முறை. இருபத்தைந்து வருஷமாக அதே தறியில் உட்கார்ந்து நெய்கிறவன். வேலையில் கெட்டி, வாய் மட்டும் ஓயாது. "அக்கா சொன்னா செய்டா, நாளைக்கி நம்மளயே இஸ்துக்கினு போவும் தண்ணி" என்று எனக்காகப் பக்கத்து வீடுகளில் சண்டை போட்டான். அவனும் காமாட்சியும் சேர்ந்து எல்லாவற்றையும் பத்துக்குப் பத்து செய்து வைத்திருந்தார்கள். எங்கள் தெருவிலேயே முழு நோட்டீஸுக்கும் டிக் வாங்கிய முதல் வீடு அதுதான்.

பள்ளிக்கூடத்து கேட்

கார்த்திகை நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் நிற்கவே இல்லை. மேல் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் முழுக்க வேகவதிக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் பால் வாங்கப் போன பெண்கள் முட்டி நனைந்து திரும்பினார்கள். பத்து மணிக்கெல்லாம் தொடையளவு. அதுவரை கலாய்த்தவர்கள் எல்லோரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் கத்தின கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. விசில்தான் கை கொடுத்தது.

மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தெருவே போய்ச் சேர்ந்தது. நான் கேட்டில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்து, வந்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டேன். ஒரு வீடு கூட விடுபடவில்லை. ஏகாம்பரமும் காமாட்சியும் பெண்ணும் நனைந்து வந்தார்கள். பிளாஸ்டிக் கவரை எனக்கு முன்னால் ஆட்டிக் காட்டி, "டிக் அடிக்கா" என்றான்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் மழை கொஞ்சம் விட்டது. லேசாக வெளிச்சம் கூட வந்தது. வகுப்பறையில் ஈரத் துணி நாற்றம், புளிச்சாத நாற்றம். ஆண்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டிலேயே இருந்தேன். யாரும் திரும்பிப் போகக் கூடாது, அது நோட்டீஸில் பத்தாவது வரி.

ஏகாம்பரம் வந்து நின்றான்.

"அக்கா, ஒரு நடை வூட்டுக்குப் போய்ட்டு வந்துட்றேன்."

"எதுக்குப்பா? கொன்னுடுவேன், போய் உக்காரு."

"முகூர்த்தப் பொடவைக்கா. இன்னும் ஒரு மொழம்தான் பாக்கி. பாவு நூல மேல தூக்கித்தான் கட்டினேன், ஆனா தண்ணி எட்டிச்சான்னு மனசு அடிச்சிக்கினே இருக்குது. எட்டியிருந்தா இன்னும் ஒரு புடி ஏத்திக் கட்டிட்டு உடனே வந்துடுவேன்."

நான் நெசவுக்கார வீட்டில் பிறந்தவள். தறியில் நிற்கிற பாவு நனைந்துபோனால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது கேட்டில் உட்கார்ந்திருந்தால் முடியாது என்று விரட்டியிருப்பார்கள். நான் யோசித்தேன். யோசித்து, கெட்டிக்காரி மாதிரி ஒரு கேள்வி கேட்டேன்.

"பள்ளம் மூடியிருக்குதில்ல?"

"நீ சொன்ன மாதிரியே மூடித்தான்க்கா வந்தோம்."

"அப்போ சரி. பாத்து போ. சீக்கிரம் வந்துடு."

போனான். கழுத்தில் அந்த விசில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. காமாட்சி இரண்டு தடவை கேட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் நான் இரண்டு பேரை அனுப்பினேன். அவர்கள் திரும்பி வரும்போதே நடையில் தெரிந்துவிட்டது.

பள்ளத்துக்குள் இருந்தான். கால் மிதிக் கயிறுகளில் சிக்கியிருந்தது. விழுந்த வேகத்தில் நெற்றி தறியின் முன்கட்டையில் அடித்திருக்கிறது. பலகை கொல்லைக் கதவோரம் மிதந்துகொண்டிருந்ததாம்.

மரப்பலகை. தண்ணீர் வந்தால் மிதக்கும். அந்த மண்டபத்தில் கை தட்டிய ஒருத்திக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்களுக்குப் பலகை என்றால் தரை. படகு வைத்திருக்கிற ஒரு பொம்பளை அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் எழுந்து கேட்டிருப்பாள். நான்தான் படகைச் சொல்லிச் சிரித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளம் திறந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஏகாம்பரம் விழுந்திருக்கவே மாட்டான். இருபத்தைந்து வருஷமாகக் காலை விட்ட பள்ளம் அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சுற்றிக்கொண்டு போயிருப்பான். மூடியிருக்கிறது என்று நம்பித்தான் காலை வைத்தான்.

தூண் ஓரம்

சாவு வீட்டில் அவன் அக்கா மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் காமாட்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒரு பலகைய ஒழுங்கா போடத் துப்பில்லையாடி உனக்கு? என் தம்பிய முழுங்கிட்டியேடி!"

காமாட்சி வாயைத் திறக்கவில்லை. கூடத்தில் சேறு காயாமல் இருந்தது. தெருவே நின்று பார்த்தது. நான் தூண் ஓரத்தில் நின்றிருந்தேன். நாலடி தூரம்தான். அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். "அவளைச் சொல்லாதீங்கம்மா, பலகை போடச் சொன்னதே நான்தான், வீட்டுக்குப் போன்னு அனுப்புனதும் நான்தான்" என்று இரண்டு வாக்கியம். பத்து வீட்டுக்குக் கேட்கிற குரல் எனக்கு. அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என்னை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டீச்சரம்மா இல்லையென்றால் தெருவே போயிருக்கும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம். நானும் கையைக் கொடுத்தேன், வெட்கமில்லாமல்.

அடுத்த வருஷம் அந்த அமைப்பிலிருந்து கூப்பிட்டபோது மூட்டு வலி என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மழைக்காலம் வந்தால் நோட்டீஸ் கொடுக்கிறவர்கள் எங்கள் தெருவுக்குள் நுழைகிற சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். காமாட்சியைத் தெருவில் பார்த்தால், "சாப்பிட்டியாம்மா" என்பேன். "ஆச்சுக்கா" என்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

இந்த வருஷத்து நோட்டீஸ்

போன மாதம், புரட்டாசி கடைசியில், கதவைச் சாத்த மறந்துவிட்டேன். ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். இருபத்து மூன்று வயது இருக்கும், பெயர் சங்கீதா என்றாள். அதே அமைப்பு. கையில் கலர் கலராக நோட்டீஸ்.

"ஆண்ட்டி, இந்த வருஷம் புயல் அதிகமா இருக்குமாம். நீங்கதான் இந்த ஏரியால ஃபர்ஸ்ட் வாலண்டியராமே? உங்க ஐடியா ஒண்ணு கூட இன்னும் யூஸ் பண்றோம், தெரியுமா?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். வழவழப்பான தாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சின்னப் படம். ஒன்பதாவது வரியில் ஒரு பலகை, ஒரு பள்ளம், பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு குடும்பம். "தறிப் பள்ளத்தைப் பலகையால் மூடவும்."

"எல்லா வருஷமும் இதைத்தான் குடுக்கறீங்களா?"

"ஆமா ஆண்ட்டி. தறி இருக்கற எல்லா ஏரியாவுக்கும் போவுது. சூப்பர் ஐடியா."

இத்தனை வருஷம் தண்ணீர் வராததால் யாரும் சாகவில்லை, அவ்வளவுதான். நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த நேரமெல்லாம் அந்த வரி தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"இதை எடுக்கணும்மா" என்றேன்.

"ஏன் ஆண்ட்டி?"

ஏன் என்று சொல்ல வேண்டும் என்றால் ஏகாம்பரத்தைச் சொல்ல வேண்டும். ஏகாம்பரத்தைச் சொன்னால் நாளைக்கே காமாட்சி காதுக்குப் போகும். ஊரார் வாய் வழியாக அவள் அதைக் கேட்கக் கூடாது. அந்தப் பெண்ணை உட்கார வைத்து, கையில் காபியைக் கொடுத்து, "ஒரு மணி நேரம் இரு. இந்தத் தெருவுல யாருக்கும் இதைக் குடுக்காத" என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு நோட்டீஸையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாலாவது வீடு

என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தரம் கூட உள்ளே போகவில்லை.

காமாட்சி தறியில் இருந்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு இப்போது அவளேதான் நெய்கிறாள். அதே தறி, அதே பள்ளம். அதற்குள் காலை விட்டுக்கொண்டு தினமும் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிவது வேறு, நேரில் பார்ப்பது வேறு. நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

"வாக்கா. இன்னா அதிசயம்?" ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடிக்கொண்டே இருந்தது.

தரையில் உட்கார்ந்து நோட்டீஸை அவள் பக்கம் தள்ளினேன். எட்டிப் பார்த்தாள்.

"போன வருஷமும் குடுத்தாங்க. ஒன்பதாவது மட்டும் நான் செய்யறதில்ல."

"அந்த ஒன்பதாவதை எழுதினது நான், காமாட்சி."

"நீ இன்னா பண்ணுவ? நோட்டீஸ்ல இருந்ததைத்தானே சொன்ன."

"நோட்டீஸ்ல இல்லம்மா. படகு பத்தி ஏதோ போட்டிருந்தாங்க. அதை எடுக்க வெச்சு நானா சேத்தேன். பலகை மெதக்கும்னு எனக்குத் தோணல. அன்னிக்கி ஸ்கூல் கேட்ல, வூட்டுக்குப் போறேன்னு ஏகாம்பரம் வந்து நின்னப்ப, பள்ளம் மூடியிருக்குதான்னு கேட்டேன். மூடியிருக்குதுன்னான். அப்ப போன்னு நான்தான் அனுப்பிச்சேன்."

நாடா நின்றது. ராட்டை, தறி எதுவும் ஓடாத கூடம் எனக்குப் பழக்கமில்லை.

"எங்க நாத்தனா என்னைப் புடிச்சி உலுக்கினப்ப நீ எங்க இருந்த?" என்றாள்.

"இங்கதான். அந்தத் தூண் பக்கம்."

"கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நெய்த துணியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கிக் கெளம்பறப்ப எங்க வூட்டு ஆளு சொல்லுச்சுக்கா. 'பலகை மேல அம்மிய தூக்கி வைடி, நகராம இருக்கும்'னு. பையத் தூக்கிக்கினு முன்னால போய்டுச்சு. தண்ணி ஏறுது, பொண்ணு வேற அழுவுது. நோட்டீஸ்ல பலகைன்னுதானே போட்டிருக்குது, அம்மின்னு இல்லியே, இதுக்கு இன்னா தெரியும்னு நெனச்சேன். 'வெச்சியா'ன்னு வாசல்லருந்து கேட்டுச்சு. வெச்சிட்டேன்னு சொல்லிட்டேன்."

அவள் நாடாவைத் தறியின் மேல் வைத்தாள்.

"நாத்தனா கேட்டதுக்கு நான் ஏன் பதில் சொல்லலன்னு நெனச்ச? அவங்க சொன்னது நெஜம்னுதான். அன்னிலேருந்து நான் அம்மியத் தொட்றதில்ல. கொல்லைல கவுத்துப் போட்டு வெச்சிருக்கறேன், போய்ப் பாரு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நீ அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பாதிப் பழியாவது உன் வூட்டுக்கு எடுத்துக்கினு போயிருப்பியேக்கா. முழுசையும் நான் ஒருத்தியே சொமந்தேன். நாலு வூடு தள்ளி உக்காந்துக்கினு சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேட்டியே."

அழுதேன். மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் கையை நீட்டிவிட்டாள். பேனாவைக் கேட்கிறாள் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

வாங்கி, ஒன்பதாவது வரியை அடித்தாள். ஒரு கோடு, இரண்டு கோடு, சிரிக்கிற அந்தக் குடும்பத்தின் மேலேயும் சேர்த்து. வழவழப்புத் தாள் கிழிந்துவிட்டது.

"மூடாதீங்கன்னு எழுதச் சொல்லு. தெறந்தே கெடக்கட்டும். தெறந்திருக்குதுன்னு தெரிஞ்சா கால் தானா ஒதுங்கும். பள்ளத்துல ஒரு மூங்கி நட்டு, தறியோட சேத்துக் கட்டி, உச்சில சேப்புத் துணி கட்டச் சொல்லு. தண்ணிக்கு மேல தெரியணும்."

"சரிம்மா."

"ஏன்னு கேப்பாங்க."

"ஆமா."

"கேட்டா அது பேரச் சொல்லு. வெச்சிட்டேன்னு நான் பொய் சொன்னதையும் சொல்லு. உன்னையும் சொல்லு. மூணு பேரும்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாடாவைக் கையில் எடுத்தாள். பள்ளத்துக்குள் மிதி இறங்குகிற சத்தம் கேட்டது. வா என்று சொன்னவள் போ என்று சொல்லவில்லை. நான் எழுந்து வெளியே வரும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே பத்திரிகையில் எழுதுவதற்கும் சேர்த்துத்தான் அவள் அன்றைக்கு அனுமதி கொடுத்தாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கீதா காபியைக் குடித்து முடித்திருந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து அமைப்புக்குப் போன் போட்டாள். பிறகு இரண்டு பேருமாக மிச்ச நோட்டீஸையெல்லாம் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். வீட்டுக்கு வீடு ஒன்பதாவது வரியை என் கையாலேயே அடித்து, மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டச் சொல்லி எழுதிக் கொடுப்பது என்று ஏற்பாடு.

முதல் வீட்டில் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் கூட ஆகாத மருமகள் வந்து நின்றாள். கூடத்தில் பலகை தயாராகப் பள்ளத்தின் மேல் கிடந்தது. நான் கோடு இழுப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர் அதை அடிக்கறீங்க?" என்றாள்.

மூன்று பேரையும் சொன்னேன். என் பெயரை முதலில் சொன்னேன்.